இரண்டு பேருக்கு ஒரு நர்ஸ்

நாட்டில் பாதிக்கு மேல் வயதானவர்கள் ஆகிவிட்ட பிறகு, ஆளுக்கொரு நர்ஸ் வைக்க அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. தனியாக இருந்த முதியவர்களை இரண்டிரண்டு பேராக ஒரே வீட்டில் குடிவைத்து, வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்று ஆக்கிவிட்டது. உறையூர் கோகுல்நாத்துக்கு எழுபத்தெட்டு வயது. அவர் வீட்டில் தங்கும்படி கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்து அனுப்பிய நிவேதா, பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். முப்பது வருடத்துக்கு முன்னால் அவரை விவாகரத்து செய்தவர்.

“நான் ஒண்ணும் கேட்டு வரல,” என்றார் நிவேதா.

“நானும் கூப்பிடல,” என்றார் கோகுல்நாத்.

மின்விசிறியின் வேகத்தில் தொடங்கி ரசத்தின் உப்பு வரை தினமும் சண்டைதான். சண்டைக்குத் தெம்பு வேண்டுமே என்று இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டார்கள். கோபம் முற்றினால் ஆளுக்கொரு திசையில் நடக்கப் போனார்கள்.

ஆறு மாதம் கழித்து நர்ஸ் மோனிஷா இருவரையும் சோதித்துப் பார்த்தார். அவருக்கே அறுபத்தாறு வயது.

“சுகர், பிரஷர் ரெண்டு பேருக்குமே நார்மல். இனிமே நர்ஸ் தேவையில்ல. அக்கா, நீங்க உங்க வீட்டுக்கே போயிடலாம்.”

நிவேதா மூலையில் இருந்த தன் பெட்டியைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “இவருக்கு ஞாபக மறதி இருக்கு மோனிஷா. கூட ஒரு ஆள் இருக்கணும்.”

மோனிஷா திரும்பினார். “சார், இவங்க யாருன்னு சொல்லுங்க.”

அந்த நாள்வரை நிவேதா சொன்ன எதற்கும் தலையாட்டாத கோகுல்நாத், அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெரியலையேம்மா,” என்றார். “பார்த்தா நல்லவங்க மாதிரி இருக்கு.”