பதினொரு பிள்ளைக்கு ஒரே கையெழுத்து

"இந்தம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க டீச்சர்?"

தலைமை ஆசிரியை ரிப்போர்ட் கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜைமேல் பரப்பினார். பதினொரு கார்டு. 'பெற்றோர் கையெழுத்து' என்ற இடத்தில், பதினொன்றிலும் ஒரே கோழிக் கிறுக்கல்.

கணக்கு டீச்சர் விரல்விட்டு எண்ணினார். "மூணாவதுல ரெண்டு, அஞ்சாவதுல நாலு, ஏழாவதுல அஞ்சு. கூட்டினா சரியா வருது மேடம்."

"கூட்டல் சரியான்னு நான் கேக்கல! ஒரே பொம்பளை பதினொரு பிள்ளைக்கு அம்மாவா வந்து பெற்றோர் கூட்டத்துல உக்காந்துட்டுப் போயிருக்காங்க. உங்களுக்குச் சந்தேகமே வரலியா?"

"பெரிய குடும்பம்னு நினைச்சேன் மேடம்."

வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவராம். யூனிபார்ம் தைக்கிறவர். தனி ஆள்.

"கல்யாணமே ஆகலீங்க" என்று போகிற போக்கில் ஒரு குண்டும் போட்டுவிட்டுப் போனார் வாட்ச்மேன்.

பத்தாவது நிமிடம் தையற்காரம்மா வந்து நின்றார். கழுத்தில் அளவு டேப். தோளெல்லாம் நூல் துணுக்கு.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"அப்ப இதெல்லாம் யாரு?" கார்டுகளைத் தள்ளினார் தலைமை ஆசிரியை.

தையற்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம வாலு! அறிவியல்ல முப்பத்தி ரெண்டா? நான் கையெழுத்துப் போடறப்ப விரலால மறைச்சுட்டான் பாருங்க, படவா!"

"படவா இருக்கட்டும். அம்மான்னு பொய் சொல்லி ஏமாத்தினீங்களே, அது குத்தமில்லையா?"

"அம்மான்னு நான் எங்கே சொன்னேன்? இவங்கதான், 'வாங்கம்மா, உக்காருங்கம்மா'ன்னாங்க. வந்தேன், உக்காந்தேன்."

கணக்கு டீச்சர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சரி, பெத்தவங்க வராம நீங்க எதுக்கு வரணும்?"

"வாலோட அம்மா நர்ஸு. ஆபரேஷனைப் பாதியில விட்டுட்டு வர முடியுமா? இந்தப் பொண்ணோட அம்மா கண்டக்டர். பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டு வர முடியுமா? இதோ, இவனுக்கு அம்மாவே இல்ல. அப்பா லாரி எடுத்துட்டுக் கிளம்பினா பத்து நாள்."

"பெத்தவங்களுக்கு இது தெரியுமா?"

"இந்தப் பதினொரு வீட்டுலயும் தெரியும். சொல்லித்தான் அனுப்பறாங்க. ஒருத்தி, 'எனக்கும் சேர்த்து நல்லா திட்டிட்டு வாங்கக்கா'ன்னா. திட்டினேன்."

"திட்டினாங்க மேடம்" என்று வாயைவிட்டார் கணக்கு டீச்சர். "நான் குறை சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள, பையனைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க. கடைசியில நான்தான், 'விடுங்கம்மா, சின்னப் பையன்'னு சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு."

"நீங்க சும்மா இருங்க டீச்சர்! ஏம்மா, உங்களுக்குத் தொழில் தையல். இந்த வேலை எதுக்கு?"

தையற்காரம்மா கழுத்து டேப்பை விரலில் சுற்றினார்.

"யாரும் வரலைன்னா பிள்ளைங்களை வகுப்புக்கு வெளியில நிக்க வைக்கிறீங்க. என் கடையிலேர்ந்து பார்த்தா நேரா தெரியுது. கால் மெஷினை மிதிக்க மாட்டேங்குது டீச்சர்."

தலைமை ஆசிரியை ஜன்னல் வழியாக எதிரே இருந்த தையல் கடையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு. இந்தக் கண்டக்டர் பொண்ணுக்குப் போன தடவை எடுத்த அளவுக்கு இப்ப இடுப்பு ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு. மதியச் சாப்பாட்டை யாரோ பெரிய பசங்க பிடுங்கித் தின்னுடறாங்களாம். மார்க்கு கிடக்கட்டும், அதை முதல்ல விசாரிங்க."

தலைமை ஆசிரியை அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ரொம்ப நேரம் அடுக்கினார்.

"டீச்சர், நீங்க வகுப்புக்குப் போங்க."

கணக்கு டீச்சர் போனதும், எழுந்துபோய் கதவைச் சாத்தினார். சாத்திய கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார். குரல் தானாகவே இறங்கியது.

"ஏம்மா, வர்ற வெள்ளிக்கிழமை காலையில உங்களுக்கு வேலை இருக்கா?"

"சொல்லுங்க டீச்சர்."

"என் பொண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூல்ல படிக்கிறா. அன்னிக்கு அங்கே பெற்றோர் கூட்டம். இந்த ஸ்கூலை விட்டுட்டு என்னால நகர முடியல. இந்த வருஷம் ஒரு தடவைகூட நான் போகல. நீங்க எனக்காகக் கொஞ்சம் போய்..."

தையற்காரம்மா நெளிந்தார்.

"முடியாதாம்மா?"

"அதில்ல டீச்சர். அந்த ஸ்கூல் யூனிபார்மும் நான்தானே தைக்கிறேன்..."

"அதனால?"

"போன ரெண்டு தடவையும் உங்க பொண்ணுதான் வந்து என்னைக் கூட்டிட்டுப் போனா. 'ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் எங்கம்மா ஒருத்தியே பார்க்கணும், பாவம். வருத்தப்படுவாங்க, சொல்லிடாதீங்க'ன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கா டீச்சர்."