வாத்தம்மாவின் சத்தமில்லாத கார்

வளைகாப்பு முடிந்ததும் மகளைக் காரில்தான் கூட்டி வருவேன் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டாள் வாத்தம்மா. சொன்ன சொல்லுக்காக ஓணானிடம் ஒரு பழைய காரையும் வாங்கிவிட்டாள். ஓணான் பூசிக் கொடுத்த புதுச் சிவப்பில் அது பளபளத்தது.

வாத்தம்மாவும் புருஷன் வாத்தய்யாவும் புகைச் சோதனைக்குப் போனார்கள். சோதனை அதிகாரி யானையார் புகைக்குழாயில் துதிக்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். தும்மிய தும்மலில் கூரை ஓடு பறந்தது.

"இது காரில்லை தாயி, செங்கல் சூளை. இன்ஜினை ஓட்டினால் பிடித்துவிடுவேன்."

"ஓட்டாமல் போனால்?"

யானையார் யோசித்தார். "அதைத் தடுக்கச் சட்டம் இல்லையே."

அவ்வளவுதான். வாத்தம்மா பட்டுச்சேலையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வாத்தய்யா பின்னால் குனிந்து தள்ளினார்.

"ஏங்க, இப்படி மூச்சு வாங்காதீங்க, மானம் போகுது" என்றாள் அவள்.

கார் உருண்டு வந்து நின்றதும் சம்பந்தியம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். "சத்தமே இல்லையே சம்பந்தி!"

"நல்ல காருக்குச் சத்தம் இருக்காதுங்க. புகையும் கிடையாது."

வளைகாப்பு முடிந்தது. "அப்படிப்பட்ட கார்னா நாங்களும் கூட வந்து மருமகளை விட்டுட்டு வர்றோம்" என்று சம்பந்தி வீட்டார் பதினோரு பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

வாத்தம்மா மெல்லப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாத்தய்யா இறக்கைகளைக் கூப்பி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: "பிள்ளையாரப்பா, வீடு வரைக்கும் ரோட்டை இறக்கமாக்கிக் கொடு."