இரண்டு பொட்டலம்

வெள்ளைப் பூ வந்தது.

பூசாரி சென்னியப்பன் வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். வெள்ளை அரளி.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்க" என்று சிரித்தார். இந்த மனுஷனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

"இது செல்லாது" என்றேன்.

என் பேத்தி கனிஷ்கா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள். அவளுக்குப் பூக் கேட்பதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்காகத்தான் குலதெய்வக் கோயிலுக்கு வந்தாள். பன்னிரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை, பிரஷர் மாத்திரையும் போடவில்லை. பதின்மூன்றாம் நாள் அவளே வந்து உட்கார்ந்தாள். "பூக் கேட்டுப் பாக்கலாமுங்க அப்பாரு. செவப்பு வந்தா நான் போகலீங்க."

சொன்னால் சொன்னதுதான் அவள். அதை நம்பித்தான் மறுநாளே மாத்திரை போட்டேன்.

போகிற இடம் பின்லாந்து. பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. ஊர் முழுக்கப் பம்ப் செய்கிற கோயமுத்தூரில் பிறந்துவிட்டு, பாதி வருஷம் தண்ணீரே உறைந்து கிடக்கிற ஊருக்குப் பம்ப் செய்யப் போகிறாளாம். கேட்டால் அனுபவம் என்கிறார்கள். இருபத்துநான்கு வருஷம் எங்கள் கையில் வளர்ந்ததற்கு என்ன பேர் என்று யாரும் சொல்வதில்லை.

"ஏனுங்கப்பா செல்லாது?" என்றான் என் மகன் கிருபாசங்கர். மூன்று மாதமாக மூடியிருந்த வாய். பெட்டி வாங்கிக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்தவன், இப்போது சட்டம் பேச வந்துவிட்டான்.

பதில் என்னிடம் இருந்தது. வாயை விட்டு வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

எங்கள் கோயிலில் வீட்டுப் பெரியவர்தான் பூக் கட்ட வேண்டும். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது. காலையில் காம்பவுண்டு ஓரத்து அரளியில் பறித்து, இலையில் மடித்து, நூல் சுற்றியவன் நான்தான்.

இரண்டிலும் சிவப்புதான் வைத்தேன்.

இப்படி ஒரு வழி இருப்பது என் மாமனார் லட்சுமணசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குப் போயிருந்தபோது, வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அம்மன் முன்னால் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் பொங்கல் வைத்ததற்கு இதுதானா மரியாதை?

மகனும் பேத்தியும் காருக்குப் போனார்கள். பிரிக்காத பொட்டலத்தைச் சென்னியப்பன் பிரசாதமாக என் கையில் கொடுத்துவிட்டார். வேப்பமரத்துக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

நூலைப் பார்த்தேன். நான் போடுவது ஒற்றை முடிச்சு. இதில் இரட்டை முடிச்சு.

என் மனைவி தெய்வாத்தாள் கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். பூத்தட்டு ஆர்.எஸ்.புரத்து வீட்டிலிருந்து அவள் மடியில்தான் வந்தது. அதற்கும் முன்னால் நான் குளிக்கப் போன நேரமே அவளுக்குப் போதும்.

இவளா? மூன்று மாதமாகக் குழம்பில் உப்புப் போட மறந்தவள். பேத்தியின் ஸ்வெட்டரை மடித்து மடித்துப் பிரித்தவள். இந்த வீட்டில் எனக்கு ஒரே துணை இவள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அழுதவ நீதானே. அப்பறம் எதுக்கு இப்படிப் பண்ணிப்போட்ட?"

"இப்பவும் அழுகைதானுங்க வருது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காரில் ஏறுகிற கனிஷ்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மெட்ராஸ்ல நர்சு படிக்க எடம் கெடச்சப்ப, எங்கப்பாவும் எங்கூர்க் கோயில்ல பூக் கேட்டாருங்க. செவப்பு வந்துச்சு. அந்தத் தையிலயே உங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு."

எனக்குத் தெரியாத கதையைச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். நான் கையிலிருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தேன்.

"அந்த விருந்தன்னைக்கு அவரும் நீங்களும் முன்கட்டு ஆசாரத்துல உக்காந்து சிரிச்சது, அடுப்படி வரைக்கும் கேட்டுச்சுங்க."