காளியம்மன் சொன்ன கார்

"அம்மணி, அவங்கிட்டச் சொல்லு. இந்த வருசத்துச் சிறந்த கார்னு விருது வாங்குனது எங்க கம்பெனி வண்டி."

சொன்னது என் அண்ணன் குமாரசாமி. 'அவன்' என்பது என் தம்பி கதிர்வேல். கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றான். காதும் நன்றாகவே கேட்கும்.

"அக்கா, அந்த விருதைக் கொடுத்த பத்திரிகையில முழுப்பக்க விளம்பரம் போட்டது யாருன்னு அவருகிட்டக் கேளுங்க."

அன்னூர் பக்கத்தில் எங்கள் பிறந்த வீட்டுக் குலதெய்வம் காளியம்மன் கோயில். நல்ல வெயில். இருவருக்கும் நடுவில் நான்.

ஒரு காலத்தில் இவர்கள் அவிநாசி ரோட்டில் ஒரே ஷோரூமைச் சேர்ந்து நடத்தியவர்கள்தான். தம்பி பிரிந்து போய், நேர் எதிரிலேயே போட்டிக் கம்பெனியின் டீலர்ஷிப்பை எடுத்தான். அன்றோடு பேச்சு நின்றது. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் பேனராக அடித்து எதிர்க்கடை பார்க்கக் கட்டுவார்கள். பேனரில் அடங்காததை என் தலையில் கட்டுவார்கள்.

இப்போது என் மகள் பூஜிதாவுக்குக் கல்யாணம். சீரில் ஒரு கார்.

எந்தக் காரானாலும் சரி என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். காரே வேண்டாம் என்று பூஜிதா சொன்னாள். என் கூடப்பிறந்தவர்கள்தான் விடவில்லை. யாரிடம் கார் வாங்கவில்லையோ அவர் கல்யாணத்துக்கு வர மாட்டாராம். இருவருமே வாய்விட்டுச் சொல்லியாயிற்று.

இரண்டு தாய்மாமன்கள் உயிரோடு இருக்க, ஒருவர் மட்டும் என் பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவதா? என் வீட்டுக்காரர் விவரமானவர். பல்லடத்தில் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்று நழுவிவிட்டார்.

அதனால்தான் அம்மனிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்க வந்தோம். அம்மன் சொன்னால் இரண்டு பேரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

எங்கள் கோயிலில் இலையில் கட்டிய மூன்று பொட்டலம் வைத்து, பூசாரி ஒன்றை எடுப்பது வழக்கம். மல்லிகை வந்தால் அண்ணனின் வண்டி. செவ்வரளி வந்தால் தம்பியின் வண்டி. வேப்பிலை வந்தால் இரண்டும் ஆகாது, வேறு இடம் பார் என்று அர்த்தம். பொட்டலம் கட்டுவது பெண்ணைப் பெற்றவள் வேலை.

மண்டபத்தில் உட்கார்ந்து வாழையிலையைக் கிழித்தேன்.

"அம்மணி, போன மாசம் அவங்கதான் விற்பனையில முதலிடம்னு பேனர் கட்டியிருக்கறானே, கம்பெனியில இருந்து ஷோரூமுக்கு அனுப்புன வண்டியெல்லாம் வித்த வண்டி ஆயிருமான்னு கேளு."

"அக்கா, ஒரே வண்டிக்கு மூஞ்சிய மட்டும் மாத்தி ரெண்டு பேரு வெச்சு விக்கறது எந்த ஊரு யாவாரம்னு கேளுங்க."

"விபத்துச் சோதனையில எங்க வண்டிக்கு எத்தனை ஸ்டார்னு சொல்லு!"

"சின்னக் காரையெல்லாம் நிறுத்திப்போட்டு, பெரிய வண்டியவே நம்பி உக்காந்திருக்கறாங்களே, நாளைக்கு என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க!"

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. இலையை மடித்து மடித்து நூல் சுற்றினேன். அண்ணனுக்குத் தம்பியின் குற்றம்தான் தெரிந்தது, தம்பிக்கு அண்ணனின் குற்றம். என் கையில் என்ன இருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

பூசாரி பொட்டலங்களைத் தட்டில் போட்டுக் குலுக்கினார். கற்பூரம் காட்டினார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வேப்பிலை.

அண்ணன் தட்டைப் பார்த்தார். தம்பி அம்மனைப் பார்த்தான். 'சொல்லு', 'கேளுங்க' என்று என்னை ஏவ இருவருமே மறந்துவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

"அப்புறமென்ன," என்றேன். "சிங்காநல்லூர்ல புதுசா ஒரு ஷோரூம் தொறந்திருக்கறாங்கல்ல, அங்கயே புக் பண்ணிக்கறனுங்க."

"ஏனுங்கண்ணா," என்றான் கதிர்வேல். அவன் என்னைப் பார்க்கவில்லை. "அந்தக் கம்பெனியா? கிளட்ச் போனா சாமான் வர்றதுக்கு ஆறு மாசம் ஆகுமுங்களே!"

"அதையேதான்டா கதிரு நானும் நெனைக்கறேன்! ஊருக்குப் புதுசா வந்தவங்கிட்ட நம்ம புள்ளைக்கு வண்டி வாங்கறதா? நாம ரெண்டு பேரும் கடைய வெச்சுக்கிட்டு எதுக்கு இருக்கறோம்?"

பேசிக்கொண்டே இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

பிரிக்காத பொட்டலங்களைக் கோயில் கிணற்றில் போடுவது முறை. பூசாரி அவற்றை உடனே என் கையில் கொடுக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார்.

"மல்லிகை வாசமே காணோமுங்களே, அம்மணி."

"உங்களுக்குச் சளி புடிச்சிருக்குமுங்க."

அவர் கொஞ்சம் சிரித்தார். பொட்டலங்களைக் கொடுத்துவிட்டார். கிணற்றடியில் நின்று இரண்டையும் பிரித்து, உள்ளே இருந்த வேப்பிலையைத் தண்ணீரில் உதறினேன். ஆத்தா கோபித்துக்கொண்டால் கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே ஒரு கார்தான் நின்றது. அண்ணன் தன் காரை டிரைவரோடு அனுப்பிவிட்டு, கதிர்வேலின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பெனி வண்டியில் அவர் ஏறி நான் பார்த்ததே இல்லை.

"ஏறு, அம்மணி. நேரமாவுது."

நான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்தப் பிளாஸ்டிக்கைப் போட்டு இந்த வெலைக்கு விக்கறீங்களே, மனசாட்சி இருக்குதா?"

கேட்டது என்னிடம் இல்லை. நேராகக் கதிர்வேலிடம்.