சக்குக்கு அடியில் சந்தனம்

"எவன்டா அழிச்சது?"

முத்துலிங்கம் போட்ட சத்தத்தில், டிக்கோயா ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் பெரிதுதான். அவருடைய லேத் பட்டறையில், மில்லிங் மெஷினுக்கு மேல் சுழலும் வட்ட மேசை ஒன்று உண்டு. நேற்று வெள்ளிக்கிழமை பூசையில், தன் கையாலேயே அதில் அப்பி வைத்த சந்தனப் பொட்டைக் காணவில்லை. மேசை பளபளவென்று இளித்தது.

அந்த மேசையில் சக்கு என்ற இரும்புக் கவ்வியை ஏற்றி இறுக்கி, சாமானைத் திருப்பித் திருப்பிப் பள்ளமாகக் காடி வெட்டுவது பாஹிமின் வேலை. வேறு யார்மேல் சந்தேகம் வரும்?

"என்ன பாய், எங்க சாமி பொட்டு ஒன் கண்ண உறுத்துதோ?"

"நான் தொடல்ல மொதலாளி."

"அப்ப அதுவா எந்திரிச்சி டவுனுக்குப் போயிருச்சோ?"

பக்கத்து லேத்தில் நின்ற கிஷாந்த் சிரித்தான். சம்பளம் தருகிறவர் சொன்னால் எல்லாமே சிரிப்புத்தான்.

"கோவிக்காதீங்க மொதலாளி. பொட்ட மெஷின் முகப்புல வைங்க. சக்கு ஒக்கார்ற எடத்துல வெச்சா, காஞ்சி மேடாயி..."

"சாமிய எங்க வைக்கணும்னு நீ எனக்குப் படிச்சிக் குடுக்கிறியா? எறங்கு வெளிய! இனிமே இந்தப் பக்கமே வராத!"

பாஹிம் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். வெளியே தூறலில் போய் நின்றான். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிற மனுசன் வேறு எங்கே போவான்?

முத்துலிங்கம் கையைக் கழுவி, முன்னைவிடப் பெரிய பொட்டாக வைத்தார். "காயட்டும். கலையாம சக்க ஏத்து" என்றார்.

கிஷாந்த் ஏற்றினான். "டயல் வெச்சி ஒருக்கா பாத்துருவோமா மொதலாளி? சரியா ஒக்காந்திருக்கான்னு..."

"சாமியே ஒக்காந்திருக்கு. அதுக்கு மேல ஒனக்கு டயல் கேக்குதா?"

வெட்டி முடிந்தது. வாங்கிப் போக வந்த தேயிலை ஃபெக்டரி ஆள், சாமானைக் கையில் எடுத்ததுமே முகம் சுளித்தார்.

"என்ன அண்ணே, காடி ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலாக்க நிக்கிது? இத மாட்டுனா ரோலரே ஒடஞ்சிரும். அங்க கொழுந்து குவிஞ்சி கெடக்கு. நாங்க ஹட்டன்லயே குடுத்துக்கிறோம்."

வேன் போய்விட்டது.

"பாத்தியாடா! அவன் பொட்ட அழிச்ச பாவம்தான் இது!" என்றார் முத்துலிங்கம். கிஷாந்த்துக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அவர் மனைவி நாகலெட்சுமி சாப்பாட்டோடு வந்தாள்.

"என்னங்க, பாஹிம் ஏன் நனைஞ்சிக்கிட்டு நிக்கிறான்?"

"சாமி பொட்ட அழிச்சவன் நல்லா நனையட்டும்!"

"அழிச்சது நாந்தாங்க."

முத்துலிங்கம் வாயைப் பிளந்தார்.

"வாராவாரம் நீங்க வெச்சிட்டுப் போன பொறகு நாந்தான் தொடைக்கிறேன். நீங்க வாறதுக்குள்ள சக்கு ஏறிரும், இன்னிக்குத்தான் முந்தி வந்துட்டீங்க. பொட்டு காஞ்சா சக்கு சாஞ்சிரும், வேல கெட்டு மொதலாளிக்குக் கெட்ட பேரு வந்துரும்னு அவன்தான் மொத தடவ வந்து சொன்னான். சொன்னா நீங்கதான் ஆடுவீங்களே."

"ஆ! அப்ப இது அவன் வேலதான! அழிக்கிறவன் அவனே அழிச்சிருக்கலாமே, ஒன்ன எதுக்குக் கூட்டு சேக்கணும்?"

"அதையேதான் நானும் அவன்கிட்ட கேட்டேங்க. 'ஒங்க சாமிக்கு வெச்சத என் கையால அழிக்கக் கூடாதுக்கா. நீங்களே ஒருக்கா கும்பிட்டுட்டு எடுத்துருங்க'ன்னான்."