புதுக் கோப்பைகள்

சீமையிலிருந்து கப்பலில் வந்த நாற்பது கண்ணாடிக் கோப்பைகள் மரத்தட்டில் வரிசையாக நிற்கின்றன. தேவாலயத்தின் கிழக்குச் சன்னல் வெயில் திராட்சரசத்தில் இறங்கி, தட்டை ஏந்திவரும் டீக்கனார் வேதமாணிக்கத்தின் வெள்ளைச் சட்டையில் சிவப்பாக நடுங்குகிறது. திருவிருந்தில் இனி எல்லாரும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் வாய்வைக்க வேண்டாம், இதுதான் சுகாதாரம், இதுதான் நாகரிகம் என்று போதகர் இப்போதுதான் சொல்லி முடித்தார். பெண்கள் பக்கம் பாயின் கோடியில் இருக்கும் ஏசுவடியாளுக்கு அதில் எல்லாரையும்விடச் சந்தோஷம். அவள் கன்னத்தில் உணர்ச்சியற்ற வெள்ளைத் திட்டு படரத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. குஷ்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாத்திரத்தை மட்டும் அவளுக்குக் கடைசியாக நீட்டினார்கள். தட்டு இப்போது அவள் முன் தாழ்கிறது. மிச்சமிருக்கும் மூன்று கோப்பைகளில் ஒன்றுக்கு அவள் கை நீள்கிறது. டீக்கனார் தட்டைப் பின்னுக்கு இழுக்கிறார்.

"அது இல்ல. செவப்பு நூலு கெட்டுனதுதான் ஒனக்கு."

ஓரத்துக் கோப்பையைச் சுற்றி ஒரு நூல். சின்னஞ்சிறு இரட்டை முடிச்சு. லேஸ் பின்னுவதற்காக மகளுக்கு அவள் கற்றுக்கொடுத்த முடிச்சு அது. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் மகள் ஜெயபாய், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தையே பார்க்கிறாள்.

"எடும்மா, எல்லாரும் பாக்காவ," என்கிறாள், புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

ஏசுவடியாள் குடிக்கிறாள். ரசம் இனிக்கிறது. வெறுங்கோப்பையை மடியில் வைத்து நகத்தால் முடிச்சைப் பிரிக்கப் பார்க்கிறாள்.

"அவுக்காதம்மா," என்கிறாள் மகள், மெல்ல. "அடுத்த திருவிருந்துக்கும் வேணும்."