முகத்தில் சோகம் போதவில்லை

“கண்ணை நல்லா இறுக்கிக் கட்டுங்க! ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாது!”

நிபுணரின் குரலுக்கு மைக் தேவையில்லை. இருந்தாலும் கையில் ஒன்றை வைத்திருந்தார்.

சிறப்புக் கல்வியில் முதுகலை முடிக்கப் போகும் வகுப்புக்கு ஒரு நாள் பயிலரங்கு நடத்த அவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். பார்வையற்ற மாணவனின் உலகத்தை ஆசிரியர் தன் உடம்பிலேயே உணர வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையையும் ஒரு பெட்டி நிறையக் கறுப்புத் துணிப்பட்டைகளையும் வைத்துக்கொண்டு பாதி உலகத்தைச் சுற்றிவிட்டார். இங்கே அவர் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வில் தேர்ச்சி.

நல்ல மனிதர்தான். பேசும்போது நிஜமாகவே கண் கலங்குவார். அடுத்தவர் பேசும்போதுதான் காது அடைத்துக்கொள்ளும். காலையில் கல்லூரி முதல்வர் வகுப்பைப் பற்றி ஏதோ சொல்ல வந்தபோதும், “எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று கையமர்த்திவிட்டார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண், கையில் தரப்பட்ட பட்டையை மடித்து மேசைமேல் வைத்தாள்.

“இது எனக்குப் பிரயோஜனப்படாது சார். ஏன்னா...”

“வந்துட்டாங்கப்பா!” என்றார் நிபுணர். “எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. அம்மா தாயே, இங்கே யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துறதுதான் உள்ளடக்கிய கல்வி. கட்டுங்க!”

பக்கத்திலிருந்த தோழி எழுந்தாள். “சார், அவ வந்து...”

“உங்களை யாரு வக்கீலா வெச்சது? உக்காருங்க. இனிமே நான் கேட்டாத்தான் வாயைத் திறக்கணும்.”

வேலை இதுதான். மேசைகளுக்கு நடுவே நடந்து, அறைக் கோடியிலுள்ள ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அறை அமளிப்பட்டது. ஒருவன் கரும்பலகையில் முட்டி, அதனிடம் “சாரி மேடம்” என்றான். ஒருத்தி டம்ளரை விட்டுவிட்டு மேசைக்குத் தண்ணீர் வார்த்தாள். ஜாடியைத் தேடிப் போன இன்னொருவன் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

நிபுணர் பூரித்துப்போனார். “ஆகா! இந்தத் தவிப்பு இருக்கே, இதுதான் வேணும்!”

மூன்றாவது வரிசைப் பெண்ணும் பட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். மேசை விளிம்புகளை விரல் நுனியால் தொட்டபடி நேராக நடந்தாள். ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தாமல் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்தும் முடித்தாள்.

நிபுணரின் முகம் சுருங்கியது.

“துணிக்குக் கீழே எட்டிப் பாக்குறீங்களா?”

“இல்லை சார். ரெண்டு வருஷமா இதே ரூம்லதானே படிக்கிறேன்.”

“என்கிட்டேயே கதை அளக்காதீங்க.” தன் கைக்குட்டையை எடுத்துப் பட்டையின்மேல் இன்னொரு கட்டுப் போட்டு இறுக்கினார். “இப்பப் போங்க, பாப்போம்.”

போனாள். இந்த முறை அவருக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். கட்டை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இது சரியில்லை,” என்றார் நிபுணர். “பார்வையில்லாதவங்க இப்படியா நடப்பாங்க? முப்பது வருஷமா அவங்களைப் பத்திப் பேசிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நடையில ஒரு தயக்கம் வேணும். கையில ஒரு நடுக்கம் வேணும். உங்க முகத்துல சோகமே போதலை.”

“தண்ணி எடுக்கப் போறதுக்கு எதுக்கு சார் சோகம்?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நிபுணருக்குச் சுரீரென்று ஏறியது.

“அவங்க வலி உங்களுக்குக் கொஞ்சம்கூடப் புரியலை. நீங்க டீச்சராகி யாருக்கு என்ன பிரயோஜனம்? நான் கையெழுத்துப் போடறதா இல்லை. அடுத்த வருஷம் வந்து திரும்ப எழுதுங்க.”

சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் குரல் முதன்முதலாகத் தடுமாறியது.

“சார், அப்படிச் சொல்லாதீங்க. ஒரு ஸ்கூல்ல எனக்காக ஒரு வேலையை ஒதுக்கி வெச்சிருக்காங்க. அடுத்த மாசம் சேரணும். எங்கம்மாகிட்ட, இனிமே நீ வேலைக்குப் போக வேண்டாம்னு வேற சொல்லிட்டேன் சார்.”

நிபுணர் கல்நெஞ்சக்காரர் அல்லர். மைக்கைக் கீழே வைத்தார். பயிலரங்கு தொடங்கியதிலிருந்து அதுவே முதல்முறை.

“சரிம்மா, கலங்காதீங்க. ஒரே ஒரு கேள்வி. கட்டை அவிழ்த்துட்டு, மனசுல பட்டதை அப்படியே சொல்லணும். இவ்வளவு நேரம் உலகம் எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு? உண்மையைச் சொன்னீங்கன்னா இங்கேயே கையெழுத்துப் போடறேன்.”

தோழி துள்ளி எழப் போனாள். அந்தப் பெண் தோழியின் கையைப் பிடித்து அடக்கினாள். நிதானமாக இரண்டு கட்டுகளையும் அவிழ்த்து, கைக்குட்டையை நாலாக மடித்தாள்.

“ஒரு வித்தியாசமும் இல்லை சார்,” என்றாள். “பொறந்ததிலேருந்து எனக்கு இப்படித்தான்.”

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்து மறைக்க, எதிரிலேயே கிடந்த பேனாவை நிபுணர் மேசை முழுக்கத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.